மலைநாட்டுப் பிள்ளையும் முட்டைப் பந்தும்

"ஐயா, றகர் விளையாடியே பிழைக்க முடியுமா?" என்று வெலிமடையில் என் மாணவன் ஒருவன் வினவினான். உருளைக்கிழங்குப் பாத்திகள் முடிந்து தேயிலை தொடங்கும் சரிவில் அவனுடைய லயம். இடைவேளையில் அவன் பந்தோடு ஓடுவதைக் கண்டவர் எவரும் அவ்வினாவைக் கேட்டு நகையார். நானோ விடை கூறாமற் பாடத்தைத் தொடர்ந்தேன். அது பிழை என்று பின்னர் உணர்ந்தேன்.

ஊவாவுக்கு இவ்வாட்டம் புதிதன்று. பதுளையில் ஊவா ஜிம்கானா கழகமும், திம்புள்ள, டிக்கோயா முதலிய இடங்களிற் பிற கழகங்களும் தோட்டத் துரைமாரின் றகருக்குப் பேர்போனவை. துரைமார் பந்தைத் துரத்திய அம்மைதானங்களிற் புல் வெட்டியவரும் கோடு போட்டவரும் யாராயிருந்திருப்பர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பந்து மட்டும் அவர்தம் பிள்ளைகளின் கைக்கு எட்டவில்லை. துரைமார் கப்பலேறி, 1972, 1975 ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது தோட்டத்து றகர் ஒளி மங்கிற்று.

தமிழர்க்கு இது ஒவ்வாத ஆட்டம் என்பாரும் உளர். அவர்கள் நவரத்தினத்தை அறியார் போலும். கொழும்பு றோயல் கல்லூரியிற் பயின்று, குறுந்தூர ஓட்டத்திற் புகழ்பெற்று, இலங்கையர்க்கென 1922இல் எழுந்த சி.ஆர். அன்ட் எஃப்.சி. கழகத்துக்காக ஆடியவர் அவர். 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்புக்கு வந்தபோது இலங்கைக்காகக் களமிறங்கியவர்களில் அவரும் ஒருவர். இலங்கை 44க்கு 6 என்று தோற்றது, தோற்றாலென்ன! 'சும்மா' என்பது அவருக்கு வழங்கிய செல்லப் பெயர். ஆனால் அவர் ஓட்டம் சும்மா ஓட்டமன்று. எனினும் அவரது காலில் இருந்த மின்னல் அவருக்கு ஊதியம் தரவில்லை. விளையாடப் பணம் பெறலாகாது என்பதே அன்றைய உலக விதி.

அவ்விதி 1995 ஆகஸ்டில் நீங்கியது. அதற்கு இரு மாதங்களுக்கு முன், கேப்டவுனில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியில், இருபது வயது ஜோனா லோமு இங்கிலாந்துக்கு எதிராக நான்கு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். தொங்காத் தீவிலிருந்து பிழைப்புத் தேடி நியூசிலாந்து வந்த பெற்றோரின் மகன் அவர். ஒக்லாந்தின் ஏழைப் புறநகரொன்றில் வன்முறை சூழ வளர்ந்தவர். அவரை அங்கிருந்து மீட்டது எது? பெருங்கழகமா? அன்று; விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடம். நம் லயத்துப் பிள்ளையின் கதையோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது!

ஆனால் லோமுவின் கதையை அத்தோடு நிறுத்துவது பிள்ளையை ஏமாற்றுவதாகும். அதே 1995இன் இறுதியிற் சிறுநீரக நோய் கண்டது. 2002க்குப் பின் அவர் நாட்டுக்காக ஆடவில்லை. 2004இல் மாற்றுச் சிறுநீரகம். 2015இல் நாற்பது வயதில் மரணம். உடலையே முதலாக வைக்கும் தொழிலில் முதல் எப்போது கரையும் என்பதை எவரும் அறியார். நம் நாட்டிலோ கழகங்கள் தரும் பணம் முதுமை வரை தாங்குவதாக இல்லை. ஆகையால் ஆட்டத்தோடு படிப்பும் வேண்டும் என்பேன். படிப்பைக் காட்டி ஆட்டத்தைப் பறிக்கும் நம் ஆசிரிய வழக்கத்தை மட்டும் நான் ஏற்கேன். அவ்வழக்கத்தில் எனக்கும் பங்குண்டு.

1891இல் கண்டியிற் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் றகரைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தார். கண்டிக்கு எட்டிய பந்து நூற்றாண்டு கடந்தும் தோட்டப் பள்ளிக்கு ஏறவில்லை. பெரட்டுக்களத்தளவு சமநிலமேனும் இல்லாத பள்ளியில் எதைக் கொண்டு ஆடுவது?

விடுதியும் மைதானமும் உள்ள பள்ளிகள் சிலவற்றுக்கு இம்மாணவனுக்கு ஓரிடம் வேண்டிக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவனிடம் இன்னும் கூறவில்லை. திங்களன்று, பாடத்தைத் தொடங்குமுன், அவன் வினாவுக்கு விடை கூறுவேன்.