இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு நாவல் வேண்டும்

தூத்துக்குடி உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இருக்கிறது. திண்டுக்கல் தோல் தொழிலுக்கு டி. செல்வராஜின் 'தோல்', திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-லேயே ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. அங்கிருந்து ஒரகடம் வரை நீண்டுவிட்ட தொழிற்சாலை வரிசைக்கு அந்த உயரத்தில் ஒரு படைப்பு இன்னும் வரவில்லை.

நம் புனைவு ஒரு மனிதரை அடையாளம் காணும் விதத்திலேயே சிக்கல் இருப்பதாக நினைக்கிறேன். ஊர், சாதி, பேச்சு வழக்கு மூன்றும் அமைந்துவிட்டால் நமக்குப் பாத்திரம் எழுந்து நின்றுவிடும். கி. ராஜநாராயணனின் கரிசல் முதல் மாரி செல்வராஜின் 'வாழை' படம் வரை அந்த வழியின் பலம் பெரிது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே வாடகை அறையில் விழுப்புரத்துக்காரரும் தென்காசிக்காரரும் ஒடிசாக்காரரும் பாய் விரிக்கிறார்கள். "பெர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா, டிரெய்னியா?" என்பதுதான் அங்கே முதல் விசாரிப்பு. ஒரே லைனில் ஒரே வேலை பார்ப்பவர்களைப் பல கம்பெனிகளில் சட்டையின் நிறமே பிரித்துக் காட்டிவிடும். சாதி போய்விட்டதா என்றால், இல்லை. ஷிப்ட் முடிந்து வீடு கேட்டுப் போகும்போது வாசலிலேயே அதுவும் விசாரிக்கப்படும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு அடையாளங்களைச் சுமக்கும் இந்தப் பாத்திரம் நம் நாவலுக்குப் புதிது.

இதற்குப் பக்கத்தில் வந்த படம் 'அங்காடித் தெரு' (2010). துணிக்கடையின் பளபளப்பை விட ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தையும் படுக்கும் இடத்தையும்தான் வசந்தபாலன் கூர்ந்து பார்த்தார். ஆளெடுக்கும்போது தகப்பன் இல்லாத, தங்கச்சிமார் உள்ள பையன்களாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். அவர்கள்தான் எதிர்த்துப் பேசமாட்டார்கள். தொழிலாளி என்பவன் எப்படித் தயாரிக்கப்படுகிறான் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

அப்படியொரு காட்சி இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் நிஜமாகவே நடந்தது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. கூடப் படுத்திருந்தவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இதைவிட வலுவான முதல் அத்தியாயம் எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அவர்களைப் போன்ற பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துக்கு நேரில் போய், அங்கே வேலை பார்த்த பெண்களோடு பழகித்தான் எழுதினார். அப்படி ஒருவர் வல்லம் வடகாலுக்குப் போக வேண்டும்.

சுங்குவார்சத்திரத்துக்கும் போக வேண்டும். 2024-ல் அங்கே சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் ஒரு கோரிக்கை; அதைவிடப் பெரிய கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். தொழிற்சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது; பதிவு இழுத்தடிக்கப்பட்டு, 2025 ஜனவரியில்தான் அந்தப் பெயரோடு சங்கம் பதிவானது. சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்தப் பெயருக்காகவும் ஏன் பிடிவாதமாக நின்றார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே நம் இலக்கியம் கேட்டு எழுத வேண்டும்.

- கட்டுரையாளர், இலக்கிய – திரைப்பட விமர்சகர்