கச்சான் காலத்துக் கண்ணாடி

கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது வெறும் வறண்ட காற்றாகத்தான் வருகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஹப்புத்தளையில், பண்டாரவளையில், பசறையில் கதவுகள் படபடக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதே காற்றுதான். வறட்சியில் வாடும் கொழுந்தில் கூடும் மீதைல் சாலிசிலேட் என்ற வாசனைச் சேர்மமே அந்தக் குளிர்ந்த மணத்துக்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கொழுந்துக்கு நல்ல விலை கிடைக்கும் அதே வாரங்களில் தோட்டத்துப் பாதைகள் தூளாகிப் பறக்கின்றன. கங்காணியின் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஜீப்பும், கொழுந்து ஏற்றும் லொறியும், டிவிஷனிலிருந்து நோயாளியைக் கொண்டுபோகும் தோட்டத்து வாகனமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது பின்னால் வருகிறவருக்கு முன்கண்ணாடியில் செம்மண் திரை விழுகிறது. ட்ரைவர் கண்ணாடி கழுவும் வொஷரின் கைப்பிடியை இழுக்கிறார். உள்ளே மோட்டர் முனகும் சத்தம் மட்டும் கேட்கிறது. கண்ணாடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதில்லை.

இது இங்கே ஏன் இவ்வளவு பொதுவான கோளாறாக இருக்கிறது என்று பார்த்தால், நம்முடைய பருவங்களே அதற்குப் பாதிப் பதில் சொல்கின்றன. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் ஊவாவை நனைக்கின்றன. அப்போது வைப்பரைப் போட்டால் போதும், தண்ணீரை வானமே கொடுத்துவிடுகிறது. வொஷரைத் தொடுவார் யாருமில்லை. மாதக்கணக்கில் அதன் போத்தலில் கிடக்கும் தண்ணீர் பாசி பிடித்து, சேறாகி, குழாயிலும் முனையிலும் காய்ந்து இறுகுகிறது. அது அடைத்துக் கிடக்கிறது என்பது கச்சானின் முதல் புழுதியில், பாதி வளைவில்தான் தெரியவருகிறது.

"வைப்பர் ஓடுதுங்களே, அது போதாதா?" என்று கேட்கும் ட்ரைவர்கள் பலர். போதாது. ஊவாவின் மண்ணில் படிகக்கல் துகள், அதாவது குவார்ட்ஸ், நிறைய உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில். உலர்ந்த புழுதியின் மேல் வைப்பரை ஓட்டினால் றப்பர் அந்தத் துகள்களைப் பிடித்துக் கண்ணாடிமேல் இழுத்துக் கீறுகிறது. பகலில் அந்தக் கீறல்கள் கண்ணில் படாது. மாலை நான்கரை, ஐந்து மணிக்கு பதுளையிலிருந்து தென்மேற்கே பண்டாரவளையை நோக்கி ஏறும்போது, மேற்கே திரும்பும் வளைவுகளில் சாய்ந்த வெயில் நேரே கண்ணாடியில் விழும். அப்போது ஒவ்வொரு கீறலும் ஒரு வெளிச்சக் கோடாகி, எதிரே வரும் பஸ்ஸை மறைத்துவிடும். ஒருமுறை ஆழமாகக் கீறிய கண்ணாடிக்கு எந்தப் பூச்சும் மருந்தில்லை. மாற்றத்தான் வேண்டும்.

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையையோ, பூனாகலையிலிருந்து கொஸ்லாந்தைக்கு இறங்கும் பாதையையோ அறிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். அப்படிப் போகும் தோட்டத்து வாகனத்தில் உட்கார்ந்திருக்கும் பிரசவ வலிக்காரி முன்கண்ணாடியைப் பற்றி முடிவெடுத்தவள் அல்ல. தோட்டத்தில் வாகனத்தைப் பராமரிப்பவர்கள் வேறு, அதில் உயிரை ஒப்படைத்து ஏறுபவர்கள் வேறு. வொஷர் என்பது நகரத்து மனிதரின் சொகுசு என்ற நினைப்பை நான் ஏற்றுக்கொள்ள மறுப்பது இதனால்தான்.

கோளாறின் வேர் பெரும்பாலும் நாம் போத்தலில் எதை ஊற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. பீலியில் பிடித்த தண்ணீர், ஓடைத் தண்ணீர், தோட்டத்துத் தொட்டித் தண்ணீர்: எது கைக்குக் கிட்டுகிறதோ அது. பீலித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தாலும் மெல்லிய வண்டலும் பாசி வித்துகளும் அதில் உண்டு. பதுளை மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் உள்ள பகுதிகளில் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த வாயுள்ள வொஷர் முனையிலும் படிகிறது. இதற்குமேல் சவர்க்காரத் தூளை ஒரு கரண்டி போடுவார்கள். கடினத் தண்ணீரில் சவர்க்காரம் கரைவதற்குப் பதிலாகத் திரிந்து, தயிர்போல் கட்டிக்கொண்டு, பம்பின் வாயிலுள்ள வலையில் ஒட்டிக்கொள்கிறது. ஷாம்பு பக்கெட்டை வெட்டி ஊற்றுவதும் நன்மையில்லை. நுரை எழும்பி, பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஊற்ற வேண்டியது எது? எந்தப் பெற்றோல் செட்டிலும் கிடைக்கும் பட்டரித் தண்ணீர்தான் முதல் தரம். உப்போ சுண்ணாம்போ இல்லாத வடித்த நீர் அது. அதற்குக் காசில்லையென்றால், கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலாக வடித்த தண்ணீர். கொதிக்கும்போது சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் சுத்தமான கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரும் மென்மையானதே. எதை ஊற்றினாலும் கடையில் விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தை அதன் லேபலில் சொன்ன அளவு கலந்துவிட வேண்டும். குளிர்நாடுகளில் உறையாமல் காக்க ஊற்றுகிறார்கள், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி உண்டு.

2010இல் பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். லெஜியோனேர்ஸ் என்ற கடுமையான நுரையீரல் தொற்று, வாகனம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களை ஏன் அதிகம் தாக்குகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. வொஷர் போத்தலில் கழுவும் திரவம் எதுவும் கலக்காத வெறும் தண்ணீர் இருந்ததோடு அதற்குத் தொடர்பு இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சமூகத்தில் தொற்றும் இந்நோயில் ஐந்தில் ஒரு பங்குக்கு அது காரணமாக இருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள். எஞ்சின் சூட்டில் இளஞ்சூடாகக் கிடக்கும் தேங்கிய நீர் லெஜியோனெல்லா கிருமிக்கு நல்ல வளர்ப்பிடம். கண்ணாடியில் பீச்சும்போது அது நுண்துளியாகி சன்னல் வழியே உள்ளே வருகிறது. பின்னர் அமெரிக்காவின் அரிசோனாவில் பள்ளி பஸ்களைச் சோதித்தபோதும் பெரும்பாலானவற்றின் வொஷர் நீரில் அந்தக் கிருமி இருந்தது. வெயில் கொளுத்தும் அரிசோனாவில் கிடைத்த முடிவு, கிட்டத்தட்ட 680 மீற்றர் உயரத்தில் வெதுவெதுவென்று இருக்கும் பதுளை நகருக்கு இன்னும் நெருக்கமானது.

2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் வாரக்கணக்கில் வீட்டு வாசலிலும் செட் வரிசையிலும் நின்றன. போத்தல்களில் பாசி குடியேற அந்த ஓய்வு நல்ல வாய்ப்பாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய லேண்ட் ரோவரும், மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப்பும், மஹிந்திராவும் தங்கள் ஆயுளைத் தாண்டி ஓடின. கூடவே அவற்றின் குழாய்களும் வெடித்து இறுகிப்போயின.

சுத்தம் செய்வதற்கு முன்னால் அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சத்தமே இல்லையென்றால் பியூஸ், வயர் இணைப்பு, மோட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துப்புரவு அங்கே உதவாது. சத்தம் உண்டு, தண்ணீர் இல்லை என்றால் பம்பிலிருந்து வெளியேறும் குழாயைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை ஒரு நொடி இழுத்துப் பாருங்கள். அங்கே பலமாகப் பீச்சியடித்தால் அடைப்பு அதற்கு அப்பால். பீச்சாவிட்டால் போத்தலிலும் பம்பிலும்தான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நேரே முனையில் ஊசியைக் குத்துவதுதான் பெரும்பாலான கராஜ்களில் நடக்கிறது.

போத்தலைக் கழற்றுவதற்குச் சோம்பல் படக்கூடாது. முன்சக்கரத்துக்கு மேலே அல்லது எஞ்சின் பக்கச் சுவரில், இரண்டு மூன்று ஆணிகளில் நிற்கும். மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் தூரக் கொட்டிவிடுங்கள். பம்ப் ஒரு றப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும். அதை இழுத்துப் பிடுங்காமல் மெதுவாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும், கிழிந்த வளையத்துக்குப் பதில் இங்கே உடனே கிடைக்காது. அந்த வளையத்தின் உட்புறத்தில் விரல்நுனி அளவில் ஒரு வலை இருக்கும். கறுப்பும் பச்சையுமாகப் பிசுபிசுத்துக் கிடப்பது பெரும்பாலும் அதுதான். பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே வந்துவிடும். போத்தலுக்குள் கை நுழையாது. ஒரு பிடி பச்சரிசியும் வெதுவெதுப்பான நீரும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள், சுவரில் ஒட்டிய வழவழப்பு உரிந்து வரும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும்.

வெள்ளைப் படிவுக்கு வினாகிரியும் நீரும் சரிபாதி கலந்து இரவு முழுக்க ஊறவிட்டு மறுநாள் பலமுறை அலச வேண்டும். பிளீச்சிங் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், றப்பரை அது தின்கிறது. அதை ஏற்கெனவே யாராவது ஊற்றியிருந்தால் அதன்மேல் வினாகிரி ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

குழாயை வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் கைவிடுங்கள், மேலே சொன்ன கிருமியை நினைத்துப் பாருங்கள். டயர்க் கடைக் காற்றை முழு அழுத்தத்தில் அடித்தால் பழைய குழாய் இணைப்பில் பிய்த்துக்கொள்ளும். சைக்கிள் பம்பே போதும். பம்பிலும் முனையிலும் குழாயைக் கழற்றிவிட்டு, பம்ப் பக்கத்திலிருந்து முனைப் பக்கம் ஊத வேண்டும், ஏனென்றால் நடுவே ஒருவழி வால்வு இருக்கலாம். அது தலைகீழாகக் காற்றை விடாது. அதைப் பார்த்து, அடைப்பு என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடுபவர்களும் உண்டு. நம் மலைப்பாதைக்கு அது மிகவும் தேவை. வால்வு இல்லாவிட்டால் ஏற்றத்தில் குழாயின் தண்ணீர் போத்தலுக்கே திரும்பிவிடும். கண்ணாடிக்கு முதல் துளி வருவதற்குள் இரண்டு வளைவு கடந்துபோகும். திரும்பப் பூட்டும்போது வால்விலுள்ள அம்புக்குறி முனைப் பக்கம் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

கடைசியில் முனை. வெளியிலிருந்து ஊசியால் குத்தினால் அடைத்திருந்தது உள்ளே தள்ளப்பட்டு, அடுத்த முறை அழுத்தும்போது அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. முனையைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்து, வெளிவாயிலிருந்து உட்புறமாகத் தண்ணீர் அடிப்பதே சரி. தவிர்க்க முடியாமல் குத்தத்தான் வேண்டுமென்றால், பழைய மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். இரும்பு ஊசி பிளாஸ்டிக் துளையை அகட்டிவிடும், அகன்ற துளையில் அழுத்தம் போய்விடும்.

நெடுநாள் நிறுத்தி வைத்த வாகனங்களில் மண்குளவி கூடுகட்டி அடைத்துவிடுவதும் உண்டு. சிறிய துளைகளை இலேசாக நினைக்கக்கூடாது. 1996 பெப்ரவரி 6ஆம் திகதி டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் 301 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் பிட்டோ குழாய் அடைத்திருந்தது. நாட்கணக்கில் மூடாமல் நிறுத்திவைத்திருந்தபோது மண்குளவி அதில் கூடு கட்டியிருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் கருத்து.

முனையின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வாகனத்தில் காற்று தண்ணீரைக் கீழே அழுத்தும் என்பதால் கண்ணாடியின் மேற்பகுதியைக் குறிவைப்பார்கள். இங்கே நாம் இருபது முப்பதில்தான் ஊர்கிறோம். அந்த வேகத்தில் நடுக்கண்ணாடியைக் குறிவைப்பதே நல்லது. பழைய லேண்ட் ரோவரின் கண்ணாடி தட்டையாகச் செங்குத்தாக நிற்பதால் சிறு திருப்பத்துக்கே தண்ணீர் கூரைக்குமேல் பறந்துவிடும். நின்றபடி பார்த்துவிட்டு, ஒருமுறை ஓட்டியும் பாருங்கள். பம்பை வெறும் போத்தலோடு ஓட்டவே கூடாது. அது தண்ணீரிலேயே குளிர்ந்து வழுக்கி ஓடும்படி செய்யப்பட்டது, வறட்சியாக ஓடினால் கருகிவிடும். பொருத்தமான முனையோ பம்போ பதுளையில் கிடைக்காவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கும். ரயிலில் பார்சல் வருவதற்குள் கச்சானின் பாதி போய்விடும்.

2008இலிருந்து வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பின்னால் என்ன வெளிவருகிறது என்று வருடாவருடம் அளக்கிறோம். முன்னால் தண்ணீர் வருகிறதா என்று அந்தச் சோதனையில் யாரும் பார்ப்பதில்லை. தோட்ட நிர்வாகங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ட்ரைவர் தினமும் எழுதும் ரன்னிங் சார்ட்டில் எண்ணெய், ரேடியேட்டர், டயர் என்று கட்டங்கள் இருக்கின்றன. அதில் 'கண்ணாடித் தண்ணீர்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். ஸ்டோரில் ஒரு கேன் பட்டரித் தண்ணீரை ட்ரைவரின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஒக்டோபர் மழை தொடங்கும் முன்னரும், மழை விட்ட பிறகும் ஒருமுறை போத்தலைக் கழற்றிக் கழுவ அவருக்கு அரைநாள் கூலியோடு நேரம் கொடுங்கள்.