பலசரக்குச் சீட்டும் ஒரு மருந்துச் சீட்டுதான்!

சம்பளம் வந்த முதல் வாரத்தில் நம் வீடுகளில் நடக்கிற முக்கியமான காரியம் பலசரக்கு வாங்குவது. துவரம்பருப்பு ரெண்டு கிலோ, எண்ணெய் அஞ்சு லிட்டர், சீனி நாலு கிலோ, உளுந்து, மல்லி, வத்தல்... போன மாதச் சீட்டைப் பார்த்தே இந்த மாதச் சீட்டும் எழுதப்படுகிறது. என்ன சமைக்கப் போகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்து டப்பாவில் நிரப்பிய பிறகுதான் "இன்னிக்கு என்ன குழம்பு?" என்ற கேள்வியே பிறக்கிறது.

இது தலைகீழான வழக்கம் என்பது என் கட்சி. மாதம் முழுக்க என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் எழுத வேண்டும். அதிலிருந்துதான் பலசரக்குச் சீட்டு பிறக்க வேண்டும். அப்படிச் செய்கிற வீட்டில் பணமும் மிஞ்சும், உடம்பும் தேறும்.

"சித்த மருத்துவருக்குப் பலசரக்குக் கடையில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, மருந்துக்குக் 'குணபாடம்' இருந்ததைப் போலவே, நோய் வராமல் காப்பதற்கு 'நோயில்லா நெறி' என்றும் ஒரு பாடம் இருந்தது. என்ன உண்பது, எப்போது உண்பது, எவ்வளவு உண்பது என்பதுதான் அதில் பெரும்பகுதி. அந்தப் பாடம் நடைமுறைக்கு வருகிற இடம் என் மருந்துக் கடை அல்ல, உங்கள் அடுப்படி!

முதலில் யார் தட்டு காலியாகிறது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமிருந்து என்னிடம் வருகிற பெண்களில் பலர் சொல்வது ஒரே பல்லவிதான். "அசதியா இருக்கு டாக்டரய்யா. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. முடி கொட்டுது." பார்த்தால் கண் இமையின் உட்புறம் வெளிறிக் கிடக்கும். "நேத்து மத்தியானம் என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் கொஞ்சம் தயக்கம். அப்புறம் பதில் வரும். "என்னத்தச் சொல்ல... ரசமும் ஊறுகாயும்தான். மாசக் கடைசி இல்லையா?"

அந்தக் 'மாசக் கடைசி'யைத்தான் நான் நோய் என்கிறேன். இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு இறுகும்போது காப்பிக்கான சீனி நிற்பதில்லை. பிள்ளைகளின் பிஸ்கட், மிக்சர் நிற்பதில்லை. நிற்பவை கீரை, காய், பயறு, முட்டை. இருக்கிற கொஞ்சத்தையும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு, அடிச்சட்டியில் மிஞ்சிய ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுகிறார் வீட்டுத்தலைவி. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று காட்டியது. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் மாதத்தில் பத்து நாள் தட்டில் சத்து இல்லாமல் போவதும் அதில் ஒன்று என்பதை மறுக்க முடியுமா?

வானம் பார்த்த சீமையின் வருஷக் கணக்கு

திட்டமிட்டுச் சமைப்பது ஏதோ பட்டணத்துப் புதுப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். நம் கரிசல் சீமைக்கு அது ரத்தத்தில் ஊறியது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. அதை நம்பி விதைத்து, தை, மாசியில் வீட்டுக்கு வருகிற கம்பு, சோளம், குதிரைவாலி, பயறு, மல்லி, மிளகாய் அடுத்த வெள்ளாமை வரை தாக்குப்பிடிக்க வேண்டும். மாதக் கணக்கு அல்ல, வருஷக் கணக்கு! குதிரைவாலியை உமியோடு குலுக்கையில் கொட்டி வைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் குத்தி எடுத்தார்கள். காய் மலிந்த காலத்தில் சீனியவரை, கத்தரி, சுண்டை, மிதுக்கு எல்லாம் வத்தலாகிப் பானைக்குள் போயின. வெயிலே அவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி. அரிசிச் சோறு தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் என்று இருந்த வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம்.

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மழை பொய்த்த வருஷம் பட்டினிதான். ரேஷன் அரிசி அந்தப் பயத்தைப் போக்கியது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் இலவசமாகவும் கிடைத்த அரிசி எத்தனையோ அடுப்புகளை எரிய வைத்திருக்கிறது. அதைக் குறை சொல்பவன் பசியை அறியாதவன். ஆனால் அரிசி எளிதாகக் கிடைத்தவுடன் மூன்று வேளையும் அரிசி என்று ஆகிவிட்டது. குலுக்கையோடு சேர்த்து, 'அளந்து எடு' என்ற புத்தியையும் தூக்கிப் போட்டுவிட்டோம். அதுதான் என் ஆதங்கம்.

சரி, கணக்குக்கு வருவோம்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளைக்கு மட்டும் மத்தியானச் சமையலை எழுதுங்கள். உதாரணத்துக்குச் சொல்கிறேன். திங்கள் சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல். செவ்வாய் தட்டைப்பயறுக் குழம்பு, அவரைக்காய். புதன் முட்டைக் குழம்பு. வியாழன் கொள்ளு ரசம், பூசணிக்கூட்டு. வெள்ளி பாசிப்பருப்பு, அரைக்கீரை. சனி வத்தக்குழம்பு, பருப்புத் துவையல். ஞாயிறு மீனோ கறியோ. சைவக் குடும்பம் என்றால் மொச்சைக் குழம்பு. காலைக்கும் ராத்திரிக்கும் வாரத்தில் மூன்று வேளையாவது கம்பங்கூழ், சோளத்தோசை, குதிரைவாலி உப்புமா என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஏழு நாளை நான்கால் பெருக்கினால் மாதம் முடிந்தது. எந்தப் பருப்பு எத்தனை ஆழாக்கு என்பது தானாக விழும்.

அளவு எவ்வளவு என்பதற்கும் ஒரு துலாக்கோல் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சராசரியாக நாளொன்றுக்கு ஒருவருக்குத் தானியம் 250 கிராம், காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பருப்பு, பயறு (அல்லது அவற்றோடு முட்டை, மீன், கறி சேர்த்து) 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, பாருங்கள். தானியம் 30 கிலோ. பருப்பு, பயறு வகை சுமார் 10 கிலோ. எண்ணெய் மூணேகால் கிலோ. காய்கறி வாரத்துக்கு 11 கிலோ. உப்பைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. நாலு பேருக்கு மாதம் 600 கிராம்தான்!

இப்போது உங்கள் வீட்டுச் சீட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்த அளவில் பெரும்பாலான சீட்டுகளில் எண்ணெய், சீனி, உப்பு மூன்றும் அளவைத் தாண்டி நிற்கும். பருப்பும் பயறும் பாதிகூடத் தேறாது. ஆக, பணம் இல்லை என்பது மட்டுமே பிரச்னை இல்லை. பணம் தப்பான டப்பாவுக்குள் போகிறது. எண்ணெயில் ஒரு லிட்டர், சீனியில் ரெண்டு கிலோ, பாக்கெட் தீனியில் பாதி குறைத்தாலே தட்டைப்பயறும், கொள்ளும், நிலக்கடலையும் உள்ளே வந்துவிடும்.

பச்சைக் காசு

அடுத்து, பணத்தைப் பிரிக்கிற விதம். சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலசரக்குக்கும் பாலுக்கும் எடுத்தது போக மூவாயிரத்து இருநூறு நிற்கிறது என்றால், அதை அப்படியே பர்ஸில் வைக்காதீர்கள். எண்ணூறு எண்ணூறாக நாலு கவரில் போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கவர். காய், கீரை, முட்டை, பழத்துக்கு மட்டும் அது. 'பச்சைக் காசு' என்று பெயர் எழுதி வையுங்கள். நாலாவது கவரை முதல் வாரத்தில் யாரும் தொடக்கூடாது. மொய் எழுதுவதற்கும் தொடக்கூடாது! இதுதான் இந்தக் கட்டுரையில் நான் எழுதித் தருகிற முக்கியமான மருந்து.

விலை ஏறினால்? 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். தக்காளி இல்லாவிட்டால் சமையலே இல்லை என்று ஊரே தவித்தது. கரிசல் காட்டுக் குழம்புக்குப் புளியும் மல்லியும் வத்தலும் போதும். எது மலிந்திருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் அந்தப் பருவத்துக்கு உரிய காய். வேனிலில் வெள்ளரி, பூசணி, சுரை, நீர்மோர்; மழையிலும் பனியிலும் கொள்ளு, மிளகு, தூதுவளை என்று பெரும்பொழுதுக்கு ஏற்ப உண்ணச் சொல்வது சித்த மருத்துவம். உழவர் சந்தையின் விலைப்பலகையும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. ஆகவே நோட்டில் காயின் பெயரை எழுதாமல் 'ஒரு கீரை, ஒரு நீர்க்காய், ஒரு நாட்டுக்காய்' என்று எழுதிக்கொண்டு போங்கள். சந்தையில் பெயரை முடிவு செய்யலாம்.

திட்டமிட்டுச் சமைத்தால் மிச்சமும் குறையும். முந்தின நாள் கறியைத் தொடாதே என்பது தேரையரின் பிணியணுகா விதி. நாமோ மூன்று நாள் சாம்பாரைக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்துச் சுடவைத்து, மறுபடி உள்ளே வைக்கிறோம். ராத்திரிச் சோற்றில் நீரூற்றிக் காலையில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடும் பழையது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

சில எச்சரிக்கைகள்

கம்பு மாவு சில நாளிலேயே கசந்துவிடும். தானியமாக வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். வத்தலில் உப்பு அதிகம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வெந்நீரில் அலசி, எப்போதாவது மட்டும் சேர்க்கலாம். குதிரைவாலி சாப்பிட்டால் சர்க்கரை நோய் பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவோடு சாப்பிட்டால் உதவும், அவ்வளவே, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பளபளப்பான பாக்கெட்டில் மூன்று மடங்கு விலைக்கு விற்கிற 'சிறுதானிய நூடுல்ஸ்' நமக்கு வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் பயறையும் கீரையையும் கூட்டுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்பது அவசியம். அசதி, மூச்சு வாங்கல் இருக்கிற பெண்கள் கீரையை மட்டும் நம்பி இராமல் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். கீரை, பயறு சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி வேண்டாம். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

"இவ்வளவும் எழுதி வச்சு, யாரு டாக்டர் பாக்குறது? அவங்க பாட்டுக்கு நினைச்சதைக் கேட்பாங்க" என்று சகோதரிகள் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். அதனால்தான் அந்த நோட்டை நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதக்கூடாது. மாதம் பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரும் பிள்ளைகளும் கூட உட்காரட்டும். பேனா அவர்கள் கையில் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பிடித்த பலகாரம் கேட்கட்டும், கொடுங்கள். ஆனால் அதன் விலையை அவர்களே கழித்துப் பார்க்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் இது. பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வருகிற 28-ம் தேதி மத்தியானம் உங்கள் மனைவியின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கீரையும் பயறும் இருந்தால் உங்கள் வீட்டு பட்ஜெட் சரி. வெறும் ரசம்தான் என்றால், அடுத்த மாதச் சீட்டை இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.