ஓடுற காலுக்கு இரும்பு எதுக்கு?

"ஓடுற பெடியன் ஜிம்முக்குப் போகக் கூடாது. உடம்பு இறுகிப் போயிடும்." எங்கட பள்ளிக்கூட மைதானங்களில் ஓடி வளர்ந்தவர்களில் இந்த வசனத்தைக் கேட்காத ஆக்கள் குறைவு. பெட்டையளுக்கு இதே வசனம் கொஞ்சம் மாறி வரும்: "ஆம்பிளை மாதிரி ஆயிடுவாய்." ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: "பாரம் தூக்கினா வளர மாட்டாய்." மூன்றையும் சொல்லுறது எங்கள்மேல் அக்கறை உள்ள ஆக்கள்தான். ஆனால் மூன்றுமே பிழை. இந்தப் பிழைக்கான விலையை ஒவ்வொரு வருசமும் எங்கட ஓட்டவீரர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என்னுடைய வாதம்.

முதலில் ஓட்டம் என்றால் என்ன என்று பார்ப்பம். வேகமாக ஓடுறது என்றால் காலை வேகமாக ஆட்டுறது என்றுதான் பெரும்பாலானவை நினைக்கிறம். 2000ஆம் ஆண்டில் பீட்டர் வெயான்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதை அளந்து பார்த்தார்கள். வேகமான ஆளும் மெதுவான ஆளும் தங்கட உச்ச வேகத்தில் ஓடும்போது, பின்னால் போன காலைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர எடுக்கிற நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் நிலத்தில் இருந்தது. வேகமான ஆள் தன்னுடைய உடல் எடையோடு ஒப்பிடும்போது கூடுதலான விசையோடு நிலத்தை உதைக்கிறார்.

அந்த உதைக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு தெரியுமா? நல்ல குறுந்தூர ஓட்டவீரர் உச்ச வேகத்தில் போகும்போது பாதம் நிலத்தில் நிற்கிறது ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் குறைவு. அதுக்குள்ள உடல் எடையைப் போல பல மடங்கு விசையை ஒற்றைக் கால் தாங்கவும் வேணும், திருப்பித் தள்ளவும் வேணும். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 செக்கனில் ஓடியபோது 100 மீற்றருக்கு எடுத்தது ஏறத்தாழ 41 அடிகள்தான். ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். அந்த நீளம் வெறும் உயரத்தால் மட்டும் வந்ததில்லை.

இப்ப யோசியுங்கோ. எங்கட பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி எத்தனை றவுண்ட் ஓடினாலும் இந்த விசை ஓரளவுக்குத்தான் கூடும். அதைக் கூட்ட வேணுமென்றால் தசைக்கும் நரம்புக்கும் ஓட்டத்தில் கிடைக்காத அளவு பாரத்தைக் காட்ட வேணும். ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக் காலில் படியேறுறது, கெண்டைக்கால் பயிற்சி எல்லாம் அதுக்குத்தான். இதில் நல்ல விசயம் என்னவென்றால், தொடங்கின முதல் சில கிழமைகளில் பலம் கூடுறது பெரும்பாலும் தசை பருக்கிறதால் இல்லை. ஏற்கனவே இருக்கிற தசையை நரம்பு மண்டலம் இன்னும் நல்லாகப் பயன்படுத்தப் பழகுது. அதனால்தான் எடை பெரிசாகக் கூடாமலே பலம் கூடலாம்.

"அப்ப ஏன் ஜிம்முக்குப் போற பெடியள் ஓட ஏலாமல் நிக்கிறாங்கள்?" என்று கேட்பீங்கள். நியாயமான கேள்வி. பின்னேரம் அஞ்சு மணிக்கு எந்த ஊர் ஜிம்முக்குப் போய்ப் பார்த்தாலும் கண்ணாடிக்கு முன்னால் நெஞ்சும் கையும்தான் நடக்குது. காலுக்கு ஒரு நாள் என்று அட்டவணையில் இருக்கும், அந்த நாள் பார்த்து ஆள் வராது. பன்னிரண்டு, பதினைந்து தடவை தூக்கி, தசை எரியும்வரை போய், அடுத்த நாள் படி இறங்கேலாமல் நிற்கிறது ஆணழகன் போட்டிக்கான முறை. அது அவர்களுக்குச் சரி. அதையே ஓட்டக்காரர் செய்தால், வேகத்துக்கு உதவாத எடை கூடும், களைத்த காலோடு மைதானத்துக்கு வர வேண்டியும் இருக்கும். உடம்பு "இறுகிப் போச்சு" என்று எங்கட ஆக்கள் கண்டது உண்மைதான். பிழை பயிற்சி முறையில். பழி மட்டும் இரும்பின்மேல் விழுந்திட்டுது.

ஓட்டக்காரருக்கான முறை இதுக்கு நேர்மாறு. கிழமைக்கு இரண்டு நாள் போதும். முதல் சில மாதம் வெறும் கம்பியோடும் சின்னப் பாரத்தோடும் முறையைப் பழக வேணும். அதுக்குப் பிறகு பாரம் கூட, எண்ணிக்கை குறைய: ஒரு செற்றுக்கு மூன்று தொடக்கம் ஐந்து தடவை, மூன்று நான்கு செற், நடுவில் இரண்டு மூன்று நிமிசம் முழு ஓய்வு. இனித் தூக்கேலாது என்ற நிலை வரமுதலே நிப்பாட்ட வேணும். முழு வேகத்தில் ஓடப்போற நாளுக்கு முதல் நாள் காலுக்குப் பாரம் வேண்டாம். போட்டிக் காலத்தில் முழுசாக விட்டுவிடாமல் அளவைக் குறைக்க வேணும். இதோட பெட்டிமேல் பாயுறது, ஒற்றைக் காலில் துள்ளுறது போன்ற பாய்ச்சல் பயிற்சிகளும் வேணும். ஏனென்றால் பலம் இருந்தால் மட்டும் காணாது, அந்தப் பத்தில் ஒரு செக்கனுக்குள்ள அதை எடுத்துக் குடுக்கவும் காலுக்குத் தெரிய வேணும்.

"நான் 5000 மீற்றர் ஓடுறன், எனக்கெதுக்கு?" என்று நினைக்கிற நெடுந்தூரக்காரருக்கும் ஒன்று சொல்ல வேணும். 1999இல் பின்லாந்தில் பாவொலைனென் குழுவினர் நாடுகடந்தோட்ட வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒன்பது கிழமைக்கு ஒரு பகுதியினர் தங்கட பயிற்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெடிப்புப் பலப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய உடம்பு ஒட்சிசனை உள்வாங்குகிற உச்ச அளவு கூடவில்லை. ஆனால் 5 கிலோமீற்றர் நேரம் குறைந்தது. அதே வேகத்தில் ஓடுறதுக்குக் குறைந்த சக்தி போதுமாக இருந்தது. சொன்னால், அதே பெற்றோலில் கூடத் தூரம் போற மோட்டர்சைக்கிள் மாதிரி.

காயம் இன்னொரு கதை. தொடையின் பின்தசை பிடிச்சு, பாதி வழியில் காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற ஆளை ஒவ்வொரு மெய்வல்லுநர் போட்டியிலும் பார்க்கிறம். ஐஸ் வைச்சு, ஸ்பிரே அடிச்சு, "வோமப் காணாது" என்று சொல்லி முடிச்சிடுவம். அந்தத் தசை நீண்டு விரிகிற நேரத்தில் பாரத்தைத் தாங்கப் பழகியிருக்கா என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. முழங்காலில் நின்று, பின்னால் ஒரு ஆள் கணுக்காலை அமத்திப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னுக்குச் சாய்க்கிற ஒரு பயிற்சி இருக்கு. நோர்டிக் என்பார்கள். உதைபந்தாட்டக்காரரிடம் செய்த பல ஆய்வுகளில் இந்தக் காயத்தை நல்லாகக் குறைத்திருக்கு. அதுக்குத் தேவை ஒரு பாயும் ஒரு கூட்டாளியும்தான். காசு ஒரு சதமும் இல்லை.

வளர்த்தி நின்றுபோகும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே, தெரிந்த ஆளின் கண்காணிப்பில் சரியான முறையோடு செய்தால் பலப் பயிற்சி வளர்ச்சியைப் பாதிக்காது என்றுதான் சொல்லுது. "கண்காணிப்பில்" என்ற சொல்தான் அதில் முக்கியம்.

இனிப் பெட்டையளின் விசயம். ஆணின் அளவுக்கு டெஸ்டஸ்டரோன் பெண்ணின் உடம்பில் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் ஸ்குவாட் அடிச்சு ஒருத்தியும் ஆம்பிளை ஆகப் போறதில்லை. அமெரிக்காவின் அலிசன் பீலிக்ஸைப் பாருங்கோ. மெல்லிய உடம்பு, ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலேயே தன்னுடைய எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் டெட்லிஃப்ட் தூக்கினவர். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சாவகச்சேரிப் பக்கத்துப் பெட்டையள் பளுதூக்கலில் தேசிய மட்டத்தில் பதக்கம் எடுத்துக்கொண்டு வருகினம். ஆனால் ஓடுற பெட்டை ஒருத்தி எங்கட ஊர் ஜிம்முக்குள்ள போறதென்றால் முதல் பிரச்சினை பாரம் இல்லை. பெண்களுக்கென்று ஒதுக்கின நேரம் காலமை பத்து மணி, அவள் வகுப்பில் இருக்கிற நேரம். மற்ற நேரம் போனால் பார்வை. வீட்டுக்கு வந்தால் "ஆர் ஆர் நிண்டவை?" என்ற விசாரணை. சாதாரண தரத்தோட ஓட்டத்தை விடுகிற பெட்டையளில் எத்தனை பேர் விருப்பத்தோட விட்டவை என்று நாங்கள் கேட்டுப் பார்க்க வேணும்.

இரண்டு விசயத்தில் நானும் எச்சரிக்கைக்காரன். ஒன்று சாப்பாடு. 2022க்குப் பிறகு முட்டையும் மீனும் எண்ணி வாங்கிற சாமானாகிப் போச்சு. பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு பாரம் தூக்கினால் பலம் வராது, களைப்புத்தான் வரும். பயறு, கடலை, பருப்பு, நெத்தலி, ஏலுமென்றால் முட்டை, இவ்வளவும் ஒழுங்காக உள்ள போக வேணும். மற்றது பவுடரும் ஊசியும். ஜிம்மில் "இதை அடி, ரெண்டு மாசத்தில பார்" என்று பேரில்லாத போத்தலைத் தூக்கித் தாற அண்ணாமாரை எல்லாருக்கும் தெரியும். போட்டிக்குப் போற ஆள் அதைத் தொடவே கூடாது. உடம்புக்குள்ள இருக்கிறதுக்கு விளையாட்டு வீரரேதான் பொறுப்பு. "எனக்குத் தெரியாது, கோச் தந்தவர்" என்று சொன்னாலும் தடையிலிருந்து அப்படியே தப்பேலாது.

இந்த நாட்டில் வேகம் இல்லை என்று சொல்லேலாது. சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் பதக்கம் எடுத்தவர். மரியன் ஜோன்ஸ் தகுதியிழந்த பிறகு அந்த வெண்கலம் வெள்ளியானது. யுபுன் அபேகோன் 2022இல் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, 10 செக்கனுக்குள் வந்த முதல் தென்னாசியர் ஆனார். சுசந்திகா அமெரிக்காவில் பயிற்சி எடுத்தார், யுபுன் இத்தாலியில். கால் இங்கே பிறந்தது. அந்தக் காலைத் தயார்ப்படுத்த ஏன் வெளியில போக வேண்டி வருது என்றதுதான் கேள்வி.

எங்கட பள்ளிக்கூடங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லி முடிக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் இல்லச் சோடனைக்கு எவ்வளவு காசும் எத்தனை இரவும் போகுது என்று எல்லாருக்கும் தெரியும். கோபுரம் கட்டுவம், கப்பல் கட்டுவம், பின்னேரம் பிரிச்சுப் போட்டிடுவம். சோடனை வேண்டாம் என்று நான் சொல்லேல்லை, அதிலும் ஒரு சந்தோசம் இருக்கு. ஆனால் நாலு இல்லமும் ஒரு வருசம் அதில் பாதியை ஒதுக்கினால், ஒரு கம்பியும் கொஞ்சத் தட்டும் ஒரு ஸ்குவாட் ஸ்டாண்டும் வாங்கலாம். நல்ல இரும்பு இருபது வருசம் இருக்கும். அதுவரை, உரப்பையில் மண் நிரப்பித் தோளில் வைச்சு ஸ்குவாட் அடிக்கலாம், வகுப்பறைப் படியில் கெண்டைக்கால் பயிற்சி செய்யலாம். தொடங்க அது போதும். ஆனால் அதிலேயே நிக்கேலாது.

அடுத்த தை மாதம் பழைய மாணவர் சங்கத்திலோ இல்லக் கூட்டத்திலோ நீங்கள் இருந்தால், கேடயம் எத்தனை என்று பேசத் தொடங்கமுதல் இந்தக் கேள்வியைக் கேளுங்கோ: எங்கட பிள்ளைகள் தூக்கிறதுக்கு ஒரு கம்பி இருக்கா? இருந்தால், பெட்டையளுக்கு அந்த அறை எத்தனை மணிக்குத் திறக்கும்?