பெங்களூரு விமான நிலைய மெட்ரோ: தாமதமும் டெல்லி தரும் பாடமும்

பெங்களூருவின் கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையம் 2008 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்தது. நகர மையத்திலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் உள்ள இந்நிலையத்துக்கு மெட்ரோ பாதை அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2021 ஏப்ரலில்தான். சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வழியாகச் செல்லும் சுமார் 58 கி.மீ. நீளமுள்ள இந்த நீலப் பாதையின் பணிகள் நடைபெற்று வருகின்றன.

இடைப்பட்ட காலத்தில் 'வாயு வஜ்ரா' குளிர்சாதனப் பேருந்துகளே முக்கியப் பொதுப் போக்குவரத்தாக இருந்து வருகின்றன. ஆனால், ஹெப்பாள் நெரிசலில் வாடகைக் கார்களோடு அவையும் சிக்குகின்றன. 2021 ஜனவரியில் அருகே ரயில் நிறுத்தம் திறக்கப்பட்டாலும், ரயில்கள் குறைவு. அங்கிருந்து முனையம் செல்ல மீண்டும் பேருந்து ஏற வேண்டும்.

ரயில் பாதை மட்டுமே தீர்வாகிவிடாது என்பதற்கு டெல்லி சான்று. 2011-ல் தொடங்கப்பட்ட அதன் விமான நிலைய விரைவுப் பாதையை நடத்திய தனியார் நிறுவனம் 2013-ல் விலகியது. பொறுப்பேற்ற டெல்லி மெட்ரோ, 2015-ல் கட்டணத்தைக் குறைத்தது.

விமானப் பயணி எப்போதாவது செல்பவர். துப்புரவுப் பணியாளரும் சுமை தூக்குபவரும் அன்றாடம் செல்பவர்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணமே பெங்களூருவின் புதிய பாதைக்கு உண்மையான சோதனை.