காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று...

நகலெடுக்கும் எந்திரம் எல்லாம் ஜெராக்ஸ் ஆனது போல, தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் எல்லாமே இன்று ஜெட் ஸ்கீ ஆகிவிட்டது. உண்மையில் அது கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயர். கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கரின் யோசனையை வைத்து 1973-ல் அந்த நிறுவனம் கொண்டுவந்த முதல் ஜெட் ஸ்கீயில் உட்கார இருக்கையே கிடையாது. பின்பக்கத் தட்டில் நின்றுகொண்டு, மேலும் கீழும் அசையும் ஒரு நீண்ட கைத்தண்டைப் பிடித்தபடி ஓட்ட வேண்டும். இங்கே பேச்சு அந்த நின்று ஓட்டும் ஜாதியைப் பற்றித்தான். அதிலும் அது நடுத்தண்ணீரில் நின்றுபோனால் என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

வழக்கமாக நடப்பது இதுதான். வண்டி நின்றதும் ஓட்டுநர் தண்ணீருக்குள் வந்துவிடுவார். வேகம் இருந்தால்தான் அந்த வண்டி ஒருவரை நிமிர்ந்து தாங்கும், நின்றால் சாய்ந்துவிடும். தூரத்தில் பெரிய, உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் போகிற புண்ணியவான் ஒருவர் பார்க்கிறார், வருகிறார், கயிறு கட்டுகிறார். பிறகு கரையில் சாப்பாடு ஆறுகிறது என்பது போல மணிக்கு 40 கிலோமீட்டரில் இழுத்துக்கொண்டு பறக்கிறார். கரையில் கைகுலுக்கல், நன்றி. இரண்டு நாள் கழித்து மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே துரு, சில சமயம் வளைந்த கனெக்டிங் ராடு. வண்டி நின்றதற்குக் காரணம் ஒரு ஸ்பார்க் ப்ளக்காக இருந்திருக்கும். எஞ்சின் செத்ததற்குக் காரணமோ அந்த உதவி!

இது ஏன் என்று புரிந்துகொள்ள எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்று தெரிய வேண்டும். இந்த வண்டிகள் பலவற்றில் காரில் இருப்பது போன்ற ரேடியேட்டர் இல்லை. அடியில் உள்ள சல்லடை வழியாக உறிஞ்சும் தண்ணீரைத்தான் பம்ப் பின்னால் பீய்ச்சி வண்டியை ஓட்டுகிறது. அதே பம்பிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரிந்து, கொஞ்சம் தண்ணீரை எஞ்சினைச் சுற்றி அனுப்புகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய்க்குள் கலந்து, புகையோடு சேர்ந்து வெளியேறுகிறது. எஞ்சின் ஓடும் வரை பிரச்சினை இல்லை, புகையின் வேகமே தண்ணீரைத் தள்ளிவிடும்.

எஞ்சின் ஓடாத வண்டியை வேகமாக இழுத்தால்? சல்லடை வழியாகத் தண்ணீர் முட்டிக்கொண்டு ஏறும், பம்பில் அழுத்தம் உண்டாகும், அதே சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினைச் சுற்றிப் புகைக்குழாய்க்குப் போகும். ஆனால் இப்போது அதை வெளியே தள்ளப் புகை இல்லை. சைலன்சர் பெட்டி நிரம்பும், நிரம்பியது பின்வாங்கி சிலிண்டருக்குள் இறங்கும். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பிஸ்டன் நின்ற இடத்தைப் பொறுத்து ஏதோ ஒரு சிலிண்டரின் வாய் திறந்தே கிடக்கும். அதன் பிறகு யாராவது 'ஒரு தடவை அடிச்சுப் பாப்போமே' என்று ஸ்டார்ட்டரை அழுத்தினால் முடிந்தது கதை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் சுவரில் மோதியது போல நிற்கும், ராடு வளையும். கடல் தண்ணீர் என்றால் அழுத்தாமல் விட்டாலும் பேரிங்குகளை உப்பு கவனித்துக்கொள்ளும்.

தீர்வு இரண்டே. ஒன்று, மெதுவாக இழுப்பது. யமஹாவின் கையேடு மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறது. இது ஒருவர் வேகமாக நடப்பதை விடக் கொஞ்சம்தான் அதிகம். 5 கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரத்தை நெருங்கும். அலுப்புதான். ஆனால் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் செலவை நினைத்தால் அலுப்பு பறந்துவிடும். இரண்டாவது, பம்பிலிருந்து எஞ்சினுக்கு வரும் அந்தச் சின்னக் குழாயை ஒரு க்ளாம்ப் போட்டு நசுக்கிவிடுவது. இதற்கு மூடியைத் திறக்க வேண்டும். அமைதியான ஏரியில் திறக்கலாம், அலையடிக்கும் இடத்தில் திறந்தால் வண்டிக்குள்ளேயே தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும். அலை இருந்தால் க்ளாம்பை மறந்துவிட்டு மெதுவாகப் போவதே புத்திசாலித்தனம். க்ளாம்ப் போட்டவர் அதை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் தண்ணீரில்லாமல் வெந்துவிடும். அதனால் க்ளாம்ப் உள்ளே இருக்கும் வரை, ஓட்டுநர் மணிக்கட்டில் மாட்டும் நிறுத்து-பட்டையை அந்த க்ளாம்பிலேயே கட்டிவைப்பது நல்ல பழக்கம்.

உண்மையில் இந்த க்ளாம்ப் வேலையே ஓட்டுநர் தலையில் விழக்கூடாது. ஒரு சின்ன அடைப்பு வால்வு எத்தனை ரூபாய் ஆகும்? அதைக் கைக்கு எட்டும் இடத்தில் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுப்பதுதான் நியாயம். கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் எச்சரிக்கையை அச்சடித்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருப்பது சரியல்ல. உதவிக்கு வருகிற மூன்றாம் மனிதர் அந்தக் கையேட்டைப் பார்த்திருக்கவே மாட்டார்.

'பல வருஷமா வேகமாத்தான் இழுக்கிறோம், ஒண்ணும் ஆகலையே' என்று சொல்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை அவர்கள். புகைக்குழாய் வளைவின் உயரம், பிஸ்டன் நின்ற இடம், போன தூரம் என்று பல விஷயங்கள் சேர்ந்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். ஹெல்மெட் இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டினேன் என்பதும் இதே வகைதான்.

கயிறு விஷயத்தில் கருமித்தனம் கூடாது. இரண்டு வண்டிகளின் நீளத்தையும் கூட்டி மூன்றால் பெருக்கு என்பது எளிய கணக்கு. பழைய யமஹா சூப்பர்ஜெட் சுமார் 2.2 மீட்டர், இழுக்கும் வண்டி 3.3 என்றால் 16 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். குட்டைக் கயிறு என்றால், முன்னால் போகிறவர் வேகம் குறைத்த நொடியில் பின்னால் வருவது முதுகில் ஏறும். மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு நல்லது. மூழ்கும் கயிறு தொய்ந்தால் இழுப்பவரின் பம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் பழுதான வண்டி ஒன்றல்ல, இரண்டு. மிதக்கும் கயிறு என்றாலும் தொய்வு விழாமல் பார்த்துக்கொள்வதும், எட்டும் தூரத்தில் ஒரு கத்தி வைத்திருப்பதும் அவசியம்.

கட்டுவது எங்கே? முன்மூக்கில் டிரெய்லரில் மாட்ட உதவும் வளையம் அல்லது துளையில். கைத்தண்டில் கட்டவே கூடாது. அது கீல் வைத்து மேலே தூக்கும் உறுப்பு. இழுத்தால் தண்டு எழும்பும், வண்டி ஒரு பக்கம் திரும்பிக் கவிழும், கீலின் போல்ட்டும் சேதமாகும். இழுக்கும் வண்டியில் பின்புற நடுக்கொக்கிதான் சரியான இடம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கிற வீரர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, விரல்கள் அவர்களுடையவை.

பழுதான வண்டியின் ஓட்டுநர், இடம் இருந்தால், இழுக்கும் வண்டியின் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து கயிற்றைக் கவனிக்கலாம். இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இடமில்லை என்றால் தன் வண்டியின் தட்டில் பின்பக்கமாக எடை விழும்படி படுத்துக்கொள்ள வேண்டும், நிற்கக்கூடாது. வழியில் கவிழ்ந்தால் அவசரப்பட்டு ஏதோ ஒரு பக்கம் புரட்டக்கூடாது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பின்புறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தப்பான பக்கம் புரட்டினால் சைலன்சர் பெட்டியில் இருக்கும் தண்ணீர் நேராக எஞ்சினுக்குள் கொட்டும். இவ்வளவு நேரம் மெதுவாக வந்ததெல்லாம் வீண்.

இன்னொன்றும் உண்டு. காற்று எழுகிறது, வெளிச்சம் போகிறது, ஆள் குளிரில் நடுங்குகிறார் என்றால் கயிறும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஆளை ஏற்றிக்கொண்டு வண்டியை விட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் சட்டமே இந்த வேறுபாட்டை வைத்திருக்கிறது. கடலில் உயிராபத்தில் இருக்கும் மனிதரைத் தன் கலத்துக்கு ஆபத்தில்லாமல் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றியாக வேண்டும் என்பது அங்கே படகுத் தலைவரின் கடமை. பொருளை மீட்டுத் தரும் கடமை அப்படி யாருக்கும் கிடையாது. அந்த வேலைக்கென்றே 1983-ல் தொடங்கிய ஸீ டோ போன்ற கட்டண நிறுவனங்கள் இருக்கின்றன. இருந்தாலும் பல லட்சம் போட்டு வாங்கிய வண்டியை விட்டு வர மனசு வராமல், அதைப் பிடித்துக்கொண்டே இருட்டில் மிதப்பவர்கள் இருக்கிறார்கள். (ஆள் தனியாக இருந்தால் மட்டும் வண்டியை விட்டு நீந்தக்கூடாது. மிதக்கும் வண்டி தூரத்திலிருந்து தெரியும், தலை தெரியாது.)

கரைக்கு வந்ததும் ஸ்டார்ட்டரைத் தொடாமல் முதலில் ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்ற வேண்டும். ப்ளக் வயர்களை எர்த் செய்துவிட்டு, மூடியைத் திறந்து பெட்ரோல் ஆவி போக நேரம் விட்டு, பிறகுதான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். ப்ளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சினால், அது நிற்கும் வரை சுழற்றி, எண்ணெய் தெளித்து, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். மறுநாள் காலை வரை தள்ளிப்போடக் கூடாது.