இளவட்டக்கல்லைத் தினமும் தூக்குவதில்லை

திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில் மூட்டை இறக்குபவர்களுக்குக் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது. ஒருவர் சுமக்கும் மூட்டையின் வரம்பு 75 கிலோவாக இருந்தது; அதை 55 ஆகவும், பெண்களுக்கு 35 ஆகவும் குறைக்க 2021 டிசம்பரில் அமைச்சரவை முடிவெடுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரைத்ததும் இந்த 55-தான். அதைவிடக் கூடுதலாகத் தூக்கக்கூடியவர்கள் அந்தக் கம்போளத்திலேயே உண்டு. ஒருமுறை தூக்க முடிவதையும் நாள்தோறும் சுமக்கத் தக்கதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்றுதான் வரம்பு.

அதே ஊர் ஜிம்மில் இந்த வேறுபாடு எடுபடுவதில்லை. டெட்லிஃப்டில் போன வாரம் பார்த்த ‘மேக்ஸ்’, அதாவது ஒரே தடவை தூக்க முடிந்த உச்ச எடை, இந்த வாரம் ஐந்து கிலோ ஏறியாக வேண்டும். வீடியோ எடுக்கப் பக்கத்தில் செல்போன் தயாராக இருக்கும்.

பழைய வழக்கம் அப்படி இல்லை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த குமரிப் பகுதிக்குப் பக்கத்தில், நெல்லைச் சீமையின் வடலிவிளையில், இன்றும் பொங்கலுக்குத்தான் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். பிடிமானமே இல்லாத உருண்டைக் கல். முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். ஊரே பார்த்திருக்க நடக்கும் பரீட்சை அது. உடம்பைத் தயார் செய்ததோ தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும், அவற்றோடு வயல் வேலையும்.

வாரப் பரீட்சைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் பயிற்சியளித்த டாக்டர் தாமஸ் டிலோர்ம், 1945-ல் தம் முறையை வெளியிட்டார். வாரம் ஒருமுறை உச்ச எடையை அளப்பது, மற்ற நாட்களில் பத்துத் தடவை தூக்கக்கூடிய எடையில் உழைப்பது. சூம்பிப்போன தொடை வாரத்துக்கு வாரம் தேறும் என்பதால் அந்த அளவீட்டுக்குப் பொருள் இருந்தது. பத்து வருடம் பயிற்சி செய்தவருக்கு ஒரு வருட முன்னேற்றமே சில கிலோதான். அதை வாரந்தோறும் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் முந்தைய இரவு உறங்கிய கணக்கு.

பல்கேரியப் பளுதூக்கும் பயிற்சியாளர் இவான் அபாஜியேவ் தம் வீரர்களைத் தினமும் உச்சத்துக்குப் போகவைத்துப் பதக்கங்களை அள்ளினாரே என்பார்கள். உண்மைதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனையில் இரண்டு தங்கங்கள் பறிபோய், பல்கேரிய அணி பாதியிலேயே விலகியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் வேலூர்ப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரண்டு வகைத் தூக்கலில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். பிறகு தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவுக்கு முயன்று தொடையில் காயம். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்கு அந்தக் காயத்தோடுதான் போனார். 317 கிலோவில் தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சியை எடுக்காமலே விட்டுவிட்டார். அந்த விடுதல் நம் ஜிம் வீடியோக்களில் காணக் கிடைக்காது.

மேடையேறாதவர்களுக்கு உச்ச எடையைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் இருக்கிறது. பயிற்சியாளர் போய்ட் எப்லியின் சூத்திரப்படி, தூக்கிய எடையை எண்ணிக்கையால் பெருக்கி முப்பதால் வகுத்து, அதே எடையோடு கூட்டலாம். நூறு கிலோவை ஐந்து தடவை தூக்கினால் உச்சம் ஏறத்தாழ 117. மதிப்பீடுதான், ஆனாலும் அடுத்த மாதப் பயிற்சியைத் திட்டமிட அது போதும். நிஜமான சோதனை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு வாரம் எடை குறைத்து ஓய்வெடுத்த பிறகு, பின்னால் கைகொடுக்க ஆள் நிற்கும்போது நடக்கட்டும். காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியை வைத்திருக்கும் ஊர் திருவனந்தபுரம். பயிற்சி அட்டவணையில் அந்த இரண்டு தேதிகளை முன்கூட்டியே எழுதிப்போடும் கோச்சுகளை இங்குள்ள ஜிம்கள் தேடிப் பிடிப்பது கடினமாக இருக்காது.